ஹில்டேயின் துப்பாக்கியும் நீங்கள் அளந்த தோட்டாவும்

அண்ணை,

போன வாரம் இங்கே கோயம்புத்தூரில் மூன்று நாள் விடாத மழை. மாடியில் சாமான் அறைக்குள் தண்ணீர் இறங்கி, எப்போதோ கட்டிப் போட்டிருந்த பழைய டெலிபோன் டைரக்டரிகள் ஊறிப் பருத்துக் கிடந்தன. தூக்கிப்போட வந்த ஆள் முதல் கட்டைப் புரட்டியதும் ஒரு வாடை எழுந்தது. ஊறிய காகிதமும் மையும் பசையும் சேர்ந்த புளித்த வாடை. மற்றவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். நான் அங்கேயே படியில் உட்கார்ந்து சிரித்தேன்.

மருமகள் பதறிப்போய் ஓடி வந்தாள். "என்னாச்சுங்க மாமா?"

"ஒண்ணுமில்லம்மா. ஜெர்மனியில பன்னிக்குப் பதிலா இதைத்தான் வெச்சுச் சுட்டோம்" என்றேன். அவள் கீழே போய் என் ரத்த அழுத்த மாத்திரையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

நீங்கள் போய் மூன்று வருடம் ஆகிறது. இந்தக் கடிதத்தை எந்த முகவரிக்கு அனுப்புவது என்று தெரியாது. ஆனாலும் நம் வழக்கப்படி முதல் பக்கத்தில் மழை, வெயில் விவரம் சொல்லியாகிவிட்டது.

அறுபத்தேழில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரத்தில் நான் பௌதிக ஆராய்ச்சி மாணவன். விழும் நீர்த்துளியின் வேகத்தை அளப்பது என் வேலை. அதற்கு இரண்டு உலோகச் சட்டங்கள் வேண்டும் என்று எழுதி, பல்கலைக்கழகப் பட்டறையின் சன்னலில் சீட்டை நீட்டினேன். எண்ணெய்க் கறை படிந்த நீல அங்கியோடு ஒருவர் சீட்டை வாங்கினார். என் பெயரைப் படித்தார். பிறகு என்னை ஏறிட்டுப் பார்த்து, "இதை வைச்சு என்ன செய்யப்போறீர்?" என்றார்.

கோயம்புத்தூரில் 'நீர்' என்று நாடகத்தில் ராஜாதான் பேசுவார். ஐந்து மாதம் தமிழே கேட்காமல் இருந்தவனுக்கு அந்த ராஜ பாஷை கண்ணில் தண்ணீரை வரவழைத்தது. நீங்கள் அதைக் கவனிக்காததுபோல் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "சார்" என்று நான் ஆரம்பித்ததும், "சார் எண்டு கூப்பிடாதையும். நாலு வயசுதான் மூப்பு இருக்கும். அண்ணை எண்டு சொல்லும்" என்றீர்கள். இலங்கையின் வன்னியிலிருந்து தொழிற்பயிற்சிக்கு என்று ஜெர்மனிக்கு வந்து, நுண்கருவி செய்யும் தொழிலாளியாக அங்கேயே தங்கிவிட்டவர் நீங்கள். நான் கேட்டதைவிட நூறு மடங்கு துல்லியமாக அந்தச் சட்டங்களைச் செய்து கொடுத்தீர்கள். எதற்கு இவ்வளவு என்றால், "பிழையாச் செய்யிறதுக்கும் இதே நேரம்தான் போகும்" என்றீர்கள்.

நீங்கள் நகரத்தில் குடியிருக்கவில்லை. ரயிலில் அரை மணி தூரத்தில், மலையும் காடும் தொடங்கும் இடத்தில் ஒரு கிராமம். அங்கே தபால் நிலையத்தில் வேலை பார்த்த ஹில்டே என்ற பெண்மணியின் வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருந்தீர்கள். ஹில்டேக்கு அப்போது முப்பத்தைந்து வயதிருக்கும். கணவர் நெஞ்சு வலியில் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவர் வேட்டைக்காரர். அவருடைய துப்பாக்கி அலமாரியில் பூட்டியே கிடந்தது. அதை விற்றுவிடச் சொன்னவர்களிடம், "நானே சுடக் கற்றுக்கொள்கிறேன்" என்று சொல்லி, ஒரு குளிர்காலம் முழுக்க ஆண்கள் நடுவில் உட்கார்ந்து படித்து, அடுத்த வசந்தத்தில் வேட்டை உரிமத் தேர்வில் தேறிவிட்டார். பயிற்சியில் சுட்டதெல்லாம் வகுப்புத் துப்பாக்கியால். கணவருடையதை அவர் இன்னும் தொடவில்லை.

சனி, ஞாயிறுகளில் சோறு தின்ன நான் அங்கே வந்துவிடுவேன். ஞாயிறு பகலில் நம்மை ஹில்டே ஊர் விடுதிக்கு அழைத்துப் போவார். அங்கே ஒரு மேசையில் வேட்டைக்காரர்கள் உட்கார்ந்து ஒரே சண்டையைத்தான் வாராவாரம் போடுவார்கள். காட்டுப் பன்றிக்கும் பெரிய செம்மானுக்கும் எந்தத் தோட்டா சிறந்தது?

மர ஆலை வைத்திருந்தவர்தான் அந்தக் காட்டின் வேட்டை உரிமையைக் குத்தகைக்கு எடுத்தவர். மேசையைத் தட்டிப் பேசுவார். அவர் கட்சி ஒன்பது புள்ளி மூன்று மில்லிமீட்டர் குறுக்களவு. தடித்த, கனத்த குண்டு, பதினெட்டரை கிராம். "ஆப்பிரிக்காவில் காட்டெருமையை நிறுத்திய தோட்டா" என்பார். அவர் ஆப்பிரிக்கா போனதில்லை. மருந்துக்கடைக்காரர் ஒல்லியான மனிதர். அவருடையது ஏழு மில்லிமீட்டர், அறுபத்துநாலு மில்லிமீட்டர் நீள வெடிமருந்துக் கூடு. குண்டு ஒன்பதே கிராம், ஆனால் அம்புபோல் போகும் என்பார்.

எங்கள் வீட்டில் முட்டைகூட நுழைந்ததில்லை. அப்படிப்பட்ட நான் அந்தச் சண்டையில் குதித்ததுதான் இப்போது நினைத்தாலும் வேடிக்கை. "அண்ணை, வேகந்தானுங்க முக்கியம். வேகம் டபுள் ஆனா எனர்ஜி நாலு மடங்கு. பாதி வெயிட்டை வெச்சுக்கிட்டு இந்தச் சின்னக் குண்டு கிட்டத்தட்ட அதே எனர்ஜிக்கு வந்துருது பாருங்க" என்று விடுதியின் காகித விரிப்பிலேயே கணக்குப் போட்டேன். மருந்துக்கடைக்காரர் என் தோளைத் தட்டி எனக்கு ஆப்பிள் சாறு வாங்கிக் கொடுத்தார்.

நீங்கள் கணக்கைப் பொறுமையாகப் பார்த்தீர்கள். உங்கள் அப்பாவின் வயலில் காயம்பட்ட பன்றி திரும்பி வந்ததை நேரில் பார்த்தவர் நீங்கள். "கணக்குச் சரி. ஆனா பண்டிக்கு உம்மட கணக்குத் தெரியாது. தோலும் சேறும் எலும்பும் தாண்டி உள்ள போகவேணும். அதுக்குப் பாரம் வேணும்" என்றீர்கள்.

"நிரூபிங்க பாக்கலாம்."

"ஓம். சுட்டுப் பாப்பம்."

எதைச் சுடுவது என்ற கேள்விக்கு விடை சொன்னவர் ஹில்டே. புது டெலிபோன் புத்தகம் வந்ததும் ஊரார் திருப்பிக் கொடுத்த பழைய புத்தகங்கள் தபால் நிலையத்தில் குவிந்து கிடந்தன. நனைத்து அடுக்கினால் இறைச்சிபோல்தான் இருக்கும் என்றார். இரண்டு நாள் அவர் வீட்டுக் குளியல் தொட்டியில் யாரும் குளிக்க முடியவில்லை. என் பேராசிரியரிடம் அனுமதி வாங்கி, ஆய்வகத்தின் மின்னணுக் கடிகாரத்தை நான் ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். நீங்கள் செய்த சட்டங்கள் இரண்டிலும் மெல்லிய அலுமினியத் தாள் ஒட்டினோம். குண்டு முதல் தாளைக் கிழிக்கும்போது கடிகாரம் ஓடத் தொடங்கும். இரண்டாவதைக் கிழிக்கும்போது நிற்கும்.

அறுபத்தெட்டு அக்டோபரில் ஒரு சனிக்கிழமைக் காலை. ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட ஜல்லிக் குழி. ஆலைக்காரரின் டிராக்டர் இழுவையில் ஐம்பதுக்கு மேல் புத்தகங்கள் சொட்டச் சொட்ட வந்து இறங்கின. பனிமூட்டம் விலகி வெயில் வந்தது. பாதி ஊர் குழியின் விளிம்பில் ரொட்டியும் காப்பியுமாக உட்கார்ந்திருந்தது.

முதலில் முப்பது மீட்டரில். பன்றியை விரட்டிச் சுடும் தூரம் அதுதான் என்றார்கள். மருந்துக்கடைக்காரர் சுட்டார். கடிகாரம் விநாடிக்குத் தொள்ளாயிரம் மீட்டருக்கு மேல் காட்டியது. நான் துள்ளினேன். புத்தகங்களைப் பிரித்தால், முதல் மூன்றில் கைமுட்டி நுழையும் அளவு கிழிசல், நாலாவது ஐந்தாவதில் ஈயத் துணுக்குகள், ஆறாவதில் பொட்டுப்போல் ஒரு சிறு துண்டு. அவ்வளவுதான். ஆலைக்காரர் சுட்டார். எழுநூற்றிருபதுதான் காட்டியது. ஆனால் புத்தகம் புத்தகமாகப் புரட்டிக்கொண்டே போனோம். பதின்மூன்றாவது புத்தகத்தில், காளான்போல் விரிந்து, கிட்டத்தட்ட முழுசாக உட்கார்ந்திருந்தது குண்டு. ஆலைக்காரர் தொப்பியைக் கழற்றி எல்லாருக்கும் வணக்கம் வைத்தார். நான் மருந்துக்கடைக்காரர் முகத்தைப் பார்க்காமல் இருந்தேன்.

உங்கள் கட்சி ஜெயித்துவிட்டது. அதோடு விட்டிருக்கலாம். நீங்கள் விடவில்லை. இருநூறு தப்படி நடந்துபோய் ஓர் அட்டையை நட்டுவிட்டு வந்து, இருவரையும் மறுபடி சுடச் சொன்னீர்கள். ஏழு மில்லிமீட்டர் குறிக்குச் சற்றுக் கீழே பட்டது. ஒன்பது புள்ளி மூன்று ஒரு சாண் கீழே பட்டது. ஆலைக்காரர் காற்று என்றார். ஒரு இலைகூட அசையவில்லை. குழி விளிம்பு முழுக்கச் சிரித்தது. நீங்கள் என் காதருகே வந்து, "உம்மடையும் பிழையில்லை. தூர நிக்கிற மானுக்கு அது. கிட்ட வாற பண்டிக்கு இது" என்றீர்கள். தோற்றவனிடம் இப்படி வந்து சொன்ன ஆள் அதற்கு முன் எனக்குக் கிடைத்ததில்லை.

அடுத்து ஹில்டே வந்தார். கணவரின் துப்பாக்கியை முதல்முறையாக வெளியே எடுத்து வந்திருந்தார். எட்டு மில்லிமீட்டர், ஐம்பத்தேழு மில்லிமீட்டர் நீளக் கூடு, பழைய துப்பாக்கி. அவர் அதில் முதன்முதலாகச் சுடப்போகிறார் என்பதற்காக ஆலைக்காரரே புத்தம்புதுத் தோட்டாப் பெட்டி ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். எல்லாரும் கைதட்டினார்கள்.

காலையிலிருந்து ஒவ்வொரு குண்டின் பருமனையும் மைக்ரோமீட்டர் கருவியில் அளந்து நீங்கள் அட்டவணை போட்டுக்கொண்டிருந்தீர்கள். அந்தப் பழக்கத்தில்தான் ஹில்டேயின் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து அளந்தீர்கள். எழுதினீர்கள். பிறகு துப்பாக்கியை வாங்கி, குழலின் அடியில் இருந்த மங்கிய முத்திரையைக் கைக்குட்டையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தீர்கள். உங்கள் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"ஏலாது" என்றீர்கள், தமிழில். அங்கே என்னைத் தவிர யாருக்கும் விளங்கவில்லை. பிறகு ஜெர்மனில், "இதைச் சுடக் கூடாது" என்றீர்கள். தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டைத் துப்பாக்கியிலிருந்து உருவி உங்கள் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டீர்கள்.

ஆலைக்காரர் சிவந்துபோனார். "இதே துப்பாக்கியால் இவள் புருஷன் என் கண் முன்னால் எத்தனை பன்றி அடித்தான் தெரியுமா? பெட்டியில் எட்டு ஐம்பத்தேழு என்றுதானே போட்டிருக்கிறது? தோட்டாவைப் பற்றி நீ எனக்குச் சொல்கிறாயா?"

"எட்டு ஐம்பத்தேழில் இரண்டு வகை இருக்கிறது ஐயா. பழையதில் குண்டு மெலிவு. பிறகு வந்ததில் குண்டு பருமன், பெயரின் கடைசியில் ஓர் எஸ் எழுத்து இருக்கும். பருத்த குண்டு பழைய குழலில் போனால் துப்பாக்கி முகத்திலேயே வெடிக்கலாம். உங்கள் பெட்டியில் எஸ் இருக்கிறது. இந்தக் குழலில் இல்லை என்று நினைக்கிறேன்."

"நினைக்கிறாயா?"

"அளந்து சொல்கிறேன். மீன் தூண்டில் வைத்திருக்கிறீர்களா?"

அந்தக் கேள்வியில் அவர் திகைத்துப்போனார். அவர் வண்டியில் தூண்டில் பெட்டி இருந்தது. அதிலிருந்து ஓர் ஈயக் குண்டுமணியை எடுத்து, மரக்கோலால் குழலுக்குள் மெல்லத் தட்டி, மறுபக்கம் வெளியே எடுத்தீர்கள். குழலின் உட்புறம் அந்த ஈயத்தில் அச்சுப்போல் பதிந்திருந்தது. அளந்தீர்கள். புதுத் தோட்டாவின் குண்டைவிட அந்தக் குழல் பத்தில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாகவே ஒடுக்கம்.

"நான் பிழையாக இருக்கலாம். திங்கட்கிழமை துப்பாக்கிக் கம்மியரிடம் காட்டுவோம். அதுவரை இந்தப் போல்ட் என்னிடம்தான் இருக்கும்" என்றீர்கள்.

அந்த ஊரில் நீங்கள் ஒரு வெளிநாட்டுக்காரர், வாடகைக்கு இருப்பவர். எதிரில் நிற்பவர் ஊரின் பெரிய மனிதர். ஹில்டே ஏதாவது சொல்வாரா என்று எல்லாரும் பார்த்தார்கள். ஹில்டே பெட்டியை மூடி ஆலைக்காரரிடம் நீட்டினார். "பரிசுக்கு நன்றி. அளந்தவர் சொல்வதை நான் கேட்கிறேன்" என்றார்.

வீட்டுக்குத் திரும்பும்போது கோட்டுப் பையில் இருந்த போல்ட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தீர்கள். ஆலைக்காரரை நினைத்தா என்றேன். "அவரை நினைச்சு இல்லை. நான் அந்தப் பெட்டியை அளக்காமல் விட்டிருந்தா எண்டு நினைச்சன்" என்றீர்கள். ஹில்டேமேல் உங்களுக்கு இருந்ததை நான் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். உங்களுக்கும் அன்றைக்குத்தான் தெரிந்திருக்கும்.

கம்மியர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் பார்த்தார். "முதல் தடவை ஒன்றும் ஆகாமல் போகலாம். ஆனால் என் மனைவி கையில் இதை நான் கொடுக்கமாட்டேன்" என்றார். யார் அளந்தது என்று கேட்டார். தூண்டில் ஈயத்தால் என்றதும் அவர் சிரித்த சிரிப்பில் கடை வாசலில் நின்றவர் எட்டிப் பார்த்தார்.

அடுத்த ஞாயிறு ஆலைக்காரர் ஹில்டே வீட்டுக் கதவைத் தட்டினார். இறந்தவரிடம் பழைய வகைத் தோட்டாக்கள்தான் இருந்திருக்க வேண்டும், அது தெரியாமல் புதிதை வாங்கிவிட்டேன் என்று ஹில்டேயிடம் சொன்னார். பிறகு உங்கள் பக்கம் திரும்பி, "குளிர்காலத்தில் உரிமப் பயிற்சி வகுப்பு ஆரம்பிக்கிறது. உன் பெயரை நான் எழுதிவிட்டேன்" என்றார். கேட்கவில்லை, அறிவித்தார். கையில் சரியான வகைத் தோட்டாப் பெட்டி ஒன்று இருந்தது. அந்த வருடம் முதல் பனி விழுமுன் ஹில்டே அதே துப்பாக்கியால் ஜல்லிக் குழியில் சுட்டார். அட்டையின் நடுவில் பட்டது. துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு ஒரு பாட்டம் அழுதார், பிறகு இன்னொன்று சுட்டார்.

உங்கள் தேர்வு நாளில் நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவு சரியாகச் சாத்தவில்லை, எல்லாம் கேட்டது. "பெரிய விலங்குக்கு மிகச் சிறந்த தோட்டா எது?" என்று கேட்டார் தேர்வாளர். எல்லா மாணவர்களும் திணறும் கேள்வி அது. நீங்கள் அமைதியாக, "எதற்கு?" என்றீர்கள். கேள்வி புரியவில்லையோ என்று அவர் திரும்பச் சொன்னார். "புரிந்தது. எந்த விலங்கு, எவ்வளவு தூரம், உதையைத் தாங்கப்போவது யார் தோள், எந்தத் துப்பாக்கி என்று சொல்லுங்கள். பிறகு நான் தோட்டாவைச் சொல்கிறேன்" என்றீர்கள். உள்ளே நாற்காலி நகரும் சத்தம். பத்து நிமிடம் கழித்து எட்டிப் பார்த்தால், தேர்வாளரும் நீங்களும் ஒரே காகிதத்தில் குனிந்து ஏதோ வரைந்துகொண்டிருந்தீர்கள்.

நீங்கள் அடித்த முதல் பன்றிக்கு இறைச்சிப் பரிசோதகர் முத்திரை குத்திக் கொடுத்த கையோடு, ஹில்டேயின் சமையலறையைப் பிடித்துக்கொண்டீர்கள். வன்னியிலிருந்து அம்மா அனுப்பிய மிளகாய்த்தூள். தேங்காய்க்கு, கேக் செய்ய விற்கும் காய்ந்த துருவலைப் பாலில் ஊறவைத்துப் பிழிந்தீர்கள். ஆலைக்காரர் முதல் வாய் வைத்ததும் மூக்கு, கண் எல்லாம் ஒழுகியது. ஆனால் தட்டை விடவில்லை. மருந்துக்கடைக்காரர், இதற்கு உரிமம் வேண்டாமா என்று கேட்டார். "எனக்குக் குழம்பு மட்டும் போதுங்க" என்றேன் நான். "குழம்பிலதானே ஐசே பண்டி இருக்கு" என்றீர்கள். என் அம்மாவுக்குக் கடைசிவரை தெரியாமல் போன ஒரே விஷயம் அன்று நான் மூன்று தடவை சோறு வாங்கியது.

அதன்பிறகும் இரண்டு வருடம் நீங்கள் வாடகைக்காரராகவே இருந்தீர்கள். ஊர் என்ன சொல்லுமோ, அம்மா என்ன சொல்லுவாவோ என்று ரயிலில் என்னிடம் மட்டும் புலம்புவீர்கள். எழுபத்தொன்றில் ஒரு ஞாயிறு, நாம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஹில்டே ஒரு விண்ணப்பப் படிவத்தை உங்கள் தட்டருகே வைத்தார். பாதி நிரப்பியிருந்தது. "இதில் கையெழுத்துப் போடுங்கள்."

"எதற்கு?" என்றீர்கள், பழக்கத்தில்.

"சாகும்வரை சேர்ந்து இருப்பதற்கு. பதிவு அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நேரம் வாங்கியிருக்கிறேன்."

உங்கள் வாயில் சோறு இருந்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. பேனாவை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை நானும் ஆலைக்காரரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டோம். அம்மாவுக்கு நீங்கள் எழுதிய கடிதத்துக்கு இரண்டு மாதத்தில் பதில் வந்தது. உள்ளே கோபம் ஒரு வரி, கறித்தூள் செய்முறை மூன்று பக்கம். செய்முறை ஹில்டேக்கு என்று எழுதியிருந்தது.

நான் எழுபத்திரண்டில் ஊர் திரும்பிக் கல்லூரியில் சேர்ந்தேன். நீங்கள் ஒருமுறைகூட வரவில்லை, என்னால் ஒருமுறைதான் வர முடிந்தது. ஆனால் கடிதம் நிற்கவில்லை. வேகமா பாரமா என்ற நம் சண்டையும் நிற்கவில்லை. புதுக் குண்டு ஏதாவது வந்தால் எடை, வேகம் எல்லாம் எழுதி, "இப்ப என்ன சொல்லுறீர்?" என்று கேட்டிருப்பீர்கள். நான் கணக்குப் போட்டு அனுப்புவேன். கறிவேப்பிலைச் செடி ஒன்று ஹில்டேயின் சன்னலோரத்தில் பிழைத்துக்கொண்டது என்று ஒரு கடிதம் முழுக்க எழுதினீர்கள்.

நீங்கள் போனபிறகு ஹில்டே ஞாயிறுதோறும் எனக்குப் போன் செய்கிறார். உங்கள் வன்னித் தமிழில்தான் பேசுகிறார். தொண்ணூறு தாண்டிவிட்டது, வலது காது கேட்பதில்லை. நேற்றும் பேசினார்.

"தம்பி, நான் இந்த முறையும் வேட்டை லைசென்ஸ் புதுப்பிச்சுப் போட்டன்" என்றார்.

"எதுக்கு?" என்றேன். யோசிக்காமல் வந்துவிட்டது. கோயம்புத்தூர்க்காரனின் 'எதுக்கு' அல்ல அது. உங்களைப்போல் கொஞ்சம் இழுத்து, கடைசியில் குரலை இறக்கிக் கேட்டுவிட்டேன்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். அழுகிறாரோ என்று பயந்துபோனேன். பிறகு ஹில்டே சிரிப்பது கேட்டது. "இன்னொருக்காக் கேளும்" என்றார்.

கேட்டேன்.

அன்புடன்,
உங்கள் தம்பி